குழிக்குள் இறங்கும் கம்பி

என் தலைமுறை மாத்தளைக்காரர்களுக்கு நிலத்தடி வேலை என்றதும் முதலில் நினைவில் எழுவது பொல்கொல்லையிலிருந்து உக்குவளை வரை மலையைக் குடைந்து வந்த எட்டுக் கிலோமீற்றர் நீர்ச்சுரங்கம்தான். 1976இல் மகாவலித் தண்ணீர் அதற்குள்ளால் ஓடிவந்து, உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, சுதுகங்கையில் கலந்தது. பிறகு போவத்தென்ன வந்தது. இந்த நூற்றாண்டில் மொரகஹகந்தவும் களுகங்கையும் வந்தன. மேல் எலஹெர கால்வாய்க்கென்று சுமார் 28 கிலோமீற்றர் நீளச் சுரங்கமொன்றும் திட்டமாகி, துளையிடும் பெரும் இயந்திரங்கள் மலைக்குள் புகுந்தன. இவற்றைப் பற்றி எங்கள் ஊரார் நினைவில் வைத்திருப்பதெல்லாம் நீளம், மெகாவாட், பாசனம் பெறும் ஏக்கர் ஆகியவைதான். மலைக்குள் மூன்று நான்கு கிலோமீற்றர் உள்ளே நின்றவர், வாசலில் நின்றவருடன் எப்படிப் பேசினார், பேச வழி இருந்ததா, அந்த வழி ஒரு நாள் அறுந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது எவர் பேச்சிலும் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. திறப்பு விழாப் பேச்சிலும் இல்லை, பத்திரிகையிலும் இல்லை, அங்கே வேலை செய்தவர்களின் வீட்டுக் கதைகளிலும் இல்லை. நிலத்தடி வேலையைப் பற்றிய எங்கள் நினைவில் உள்ள இந்த ஓட்டையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். கூரையைத் தாங்கும் மரத்தையும் காற்றைத் தள்ளும் விசிறியையும் போலவே, மேலுக்கும் கீழுக்கும் இடையிலான தொடர்பும் சுரங்கத்தின் உறுப்பு என்று கொள்ள வேண்டும். அது இல்லாத குழியை இன்னும் வெட்டி முடியாத குழி என்றே கணக்கிட வேண்டும்.

மாத்தளை சுரங்க மாவட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. மிளகும் கொக்கோவும் றப்பரும் விளையும் ஊர் என்றே வெளியார் அறிவார்கள். ரத்தோட்டைப் பக்கம் கைக்காவலையில் எடுக்கப்படும் பெல்ட்ஸ்பார் திறந்த வெளி அகழ்வு. அங்கே ஆபத்து வேறு வகையானது. ஆனால் மாவட்டத்தின் மேற்கு எல்லையைத் தாண்டியதும், குருநாகல் மாவட்டத்தின் தொடங்கஸ்லந்தைப் பக்கம், கஹட்டகஹ காரீயச் சுரங்கம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி இன்று அறுநூறு மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிட்ட சுரங்கம் அது. கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கமும் ஏறத்தாழ ஐந்நூறு மீற்றர். மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே, வடகிழக்கில் லக்கல, பல்லேகமவிலிருந்து எலஹெர எல்லை வரை, களுகங்கையும் அம்பன்கங்கையும் ஓடும் தாழ்நிலத்தில் இரத்தினக்கல் குழிகள் பரந்து கிடக்கின்றன. 1960களிலிருந்து நீலக்கல்லுக்கும் வேறு கற்களுக்கும் பெயர் போன நிலம் அது. அறுநூறு மீற்றர்ச் சுரங்கத்தைவிட அந்தச் சிறு குழிகளே என்னை அதிகம் உறுத்துகின்றன. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், பெரிய சுரங்கங்கள் கற்ற பாடத்தைச் சொல்ல வேண்டும்.

2006 ஜனவரி 2ஆம் திகதி அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் சேகோ நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. பதின்மூன்று பேர் உள்ளே அகப்பட்டார்கள். வெடிப்போடு தொலைபேசிக் கம்பியும் அறுந்தது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி அவர்கள் சீலைத் திரையைக் கட்டி நச்சுக் காற்றைத் தடுக்க முயன்றார்கள். கூரையில் அறைந்த இரும்பாணியைச் சம்மட்டியால் அடித்துச் சத்தம் எழுப்பினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கும் கருவியோடு மேலே எவரும் இல்லை. மீட்புக் குழு முதன்முதலாக உள்ளே நுழைந்தபோது வெடிப்பு நடந்து சுமார் பதினொரு மணித்தியாலம் கடந்திருந்தது. பதின்மூன்று பேரில் ஒருவர்தான் பிழைத்தார். இறந்த பன்னிருவரில் பெரும்பாலோரை வெடிப்பு கொல்லவில்லை. கார்பன் மொனொக்சைட் மெல்ல மெல்லக் கொன்றது. இன்னொரு கொடுமையும் நடந்தது. முகமூடி போட்ட மீட்பாளர்கள் சொன்ன சொல், ஆள் மாறி ஆள் மாறி மேலே வருவதற்குள் திரிந்து, பன்னிருவரும் உயிரோடு இருப்பதாகத் தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பாடி மகிழ்ந்து சுமார் மூன்று மணித்தியாலம் கழித்தே உண்மை வந்தது. அந்தச் செய்தி இலங்கை வானொலியிலும் வந்தது. எங்களில் பலர் அந்த நாளை விபத்துச் செய்தியாகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். எனக்கு அது செய்தித் தொடர்பு இரண்டு முறை தோற்ற நாளாகத் தெரிகிறது: ஒருமுறை கம்பி அறுந்ததால், இன்னொருமுறை கம்பி இருந்தும் சொல்லைச் சரிபார்க்க ஒழுங்கு இல்லாததால். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கா புதுச் சட்டம் கொண்டுவந்தது. கம்பியில்லா இருவழித் தொடர்பும், ஒவ்வொரு தொழிலாளியும் எங்கே நிற்கிறார் என்று காட்டும் மின்னணு ஏற்பாடும் நிலக்கரிச் சுரங்கங்களில் இருக்க வேண்டும் என்றது அது. பன்னிரண்டு பேர் இறக்க முன்னரே அந்தக் கருவிகளில் சில சந்தையில் இருந்தன. தாழ்ந்த அதிர்வெண்ணில் பாறையையே ஊடுருவிச் சென்று, தொப்பி விளக்கின் மின்கலத்தோடு இணைந்த பெட்டியில் எழுத்துச் செய்தியைக் காட்டும் அவுஸ்திரேலியக் கருவி அதில் ஒன்று. 1998இல் யூட்டா மாநிலத்தின் வில்லோ கிறீக் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது, வெளியேறும்படி உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னது அதுதான்; அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 2010 ஓகஸ்ட் 5ஆம் திகதி, சிலி நாட்டின் சான் ஹோசே செப்புச் சுரங்கம் சரிந்தது. முப்பத்து மூன்று பேர் ஏறத்தாழ எழுநூறு மீற்றர் கீழே. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே பதினேழு நாள் எவருக்கும் தெரியாது. ஓகஸ்ட் 22இல் துளைக்கருவியின் முனையில் கட்டப்பட்ட கடதாசித் துண்டு ஒன்று மேலே வந்தபோதுதான் உலகம் அறிந்தது. மறுநாள் கீழே அனுப்பப்பட்ட தொலைபேசி, பெட்ரோ காலோ என்ற உள்ளூர்ச் சிறுதொழில்காரர் பழைய உதிரிப்பாகங்களைச் சேர்த்துச் செய்தது. நாட்டின் சுரங்க அமைச்சர் அதில்தான் உள்ளே இருந்தவர்களோடு பேசினார். அறுபத்தொன்பதாம் நாள் முப்பத்து மூவரும் வெளியே வந்த காட்சியை எல்லாரும் பார்த்தோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தத் தொலைபேசியின் எளிமை. பதினேழு நாள் இருட்டுக்குப் பின் குரலைக் கொண்டுவந்த பொருளைச் செய்யப் பெரும் நிறுவனமோ பெரும் பணமோ தேவைப்படவில்லை. ஒரு சோடிக் கம்பியும் இரண்டு கைபிடிகளும் போதுமாக இருந்தன. 2023 நவம்பர் 12இல் இந்தியாவின் உத்தரகாண்டில் சில்க்யாரா வீதிச் சுரங்கம் இடிந்து நாற்பத்தொரு தொழிலாளர் அகப்பட்டபோதும் இதே பாடம் திரும்ப வந்தது. இடிபாட்டுக்குள் தப்பிக் கிடந்த நான்கு அங்குலக் குழாய்தான் காற்றுக்கும் உலர் உணவுக்கும் குரலுக்கும் வழியானது. பிறகு ஆறு அங்குலக் குழாய் செலுத்தப்பட்டது, அதற்குள்ளால் கமெரா போனது, முகங்கள் தெரிந்தன, குடும்பத்தாரோடும் வைத்தியர்களோடும் பேச முடிந்தது. பதினேழாம் நாள் எல்லாரும் வெளியே வந்தார்கள். அந்தக் குழாய் அங்கே கிடந்தது நல்ல காலம். அந்த நல்ல காலத்தை நம்பி அடுத்த சுரங்கத்துக்குள் எவரையும் அனுப்பக் கூடாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. தொலைபேசி கூரையைத் தாங்காது என்பார்கள். சான் ஹோசேயில் காற்றுத் துவாரத்தில் ஏணி இருந்திருந்தால், சரிந்த முதல் மணித்தியாலங்களிலேயே அவர்கள் ஏறி வந்திருக்கலாம். அந்த ஏணி போடப்படவில்லை. ஆகவே இருக்கிற பணத்தை ஏணிக்கும் மரத்துக்கும் போடு, பேச்சுக்கு ஏன் போடுகிறாய் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் ஏணியையும் தொலைபேசியையும் எதிரெதிரே நிறுத்துவது பிழை. ஏணி எங்கே இல்லை, மரம் எங்கே நெரிகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் கசிகிறது என்பதை முதலில் காண்பவர் கீழே நிற்பவர். அவர் வேலை முடிந்து மேலே வந்து சொல்லும் வரை அந்தச் செய்தி கீழேயே கிடக்கிறது. வட ஆற்காட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையே வெடித்துச் சிதறும் ஆபத்து ஓயாமல் இருந்தது. அங்கே பாறையின் அதிர்வைக் கேட்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். 1988இல் பாறைப் பொறியியலுக்கென்று தேசிய ஆய்வு நிறுவனம் அந்த ஊரிலேயே அமைந்தது. மரம் நட்டு முட்டுக் கொடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பாறை சொல்வதைக் கேட்கவும் ஏற்பாடு செய்தார்கள். தொடர்பு இருந்தால் ஏணி வரும் என்று நான் சொல்லவில்லை. ஏணி இல்லை என்ற சேதி உரிய நேரத்தில் உரியவரின் காதில் விழுந்து பதிவாகும். அதற்குப் பிறகு தெரியாது என்று எவரும் கைவிரிக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு, கருவியே ஆளைக் கொல்லும் என்பது. இதற்கும் சான்று உண்டு. 1913 ஒக்டோபரில் வேல்ஸ் நாட்டின் செங்கனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர் இறந்தார்கள். பிரித்தானிய வரலாற்றில் அதைவிடப் பெரிய சுரங்க விபத்து இல்லை. விசாரணையில் சந்தேகிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று, மேலுக்குச் சமிக்ஞை கொடுக்க வைத்திருந்த மின்மணியின் பொறி. செய்தி சொல்ல வைத்த கம்பியே மீதேன் வாயுவுக்குத் தீ வைத்திருக்கக்கூடும். அதைக் கண்டு எவரும் மணியைக் கைவிடவில்லை. எவ்வளவு மின்னோட்டம் இருந்தால் பொறி வாயுவைப் பற்றவைக்காது என்று ஆராய்ந்து, அந்த எல்லைக்குள் கருவிகளைச் செய்யும் முறையை வளர்த்தார்கள். இன்று வாயுச் சுரங்கங்களில் நுழையும் ஒவ்வொரு தொலைபேசியும் அந்த ஆராய்ச்சியின் வழி வந்தது. நமது காரீயச் சுரங்கங்களில் நிலக்கரிச் சுரங்கம்போல மீதேன் அச்சம் இல்லை. அங்கே ஆபத்து கல் விழுவதிலும், வெடிவைத்த புகையிலும், இறங்குகுழியிலும், ஓயாமல் ஊறும் தண்ணீரிலும் இருக்கிறது. ஆனால் காரீயத்துக்கென்று தனிச் சிக்கல் உண்டு. காரீயம் மின்சாரம் கடத்தும். அதன் தூள் தொலைபேசிப் பெட்டிக்குள் படிந்தால் கம்பிகளுக்கிடையே தானே பாலம் போட்டுவிடும். பெட்டி தூள் புகாதபடி இறுக மூடியிருக்க வேண்டும். பாறையை ஊடுருவும் தாழ்ந்த அலையையும் நல்ல கடத்தியான அந்தப் படலங்கள் உறிஞ்சவும் திசை மாற்றவும் செய்யும். ஆகவே வேறு நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் சரியாக வேலை செய்த கருவியை விலைப்பட்டியல் பார்த்து வாங்கி இங்கே மாட்டிவிட முடியாது. அந்தந்தச் சுரங்கத்தின் பாறையில் சோதித்துப் பார்க்க வேண்டும். சாதாரணக் கைத்தொலைபேசியின் அலை பாறைக்குள் சில மீற்றரிலேயே செத்துவிடும். அதனால்தான் பெரிய சுரங்கங்களில் அலையை நெடுகக் கசியவிடும் தனிக் கம்பியைக் கூரையோரம் இழுத்து, அதன் அருகே நிற்பவர் வானொலியில் பேசும்படி செய்கிறார்கள். அந்தக் கம்பி ஒரே வழியில் போனால் ஒரே சரிவில் அறுந்துவிடும். இரண்டு வழியில் போக வேண்டும். சேகோ கற்பித்ததில் இதுவும் ஒன்று.

இனி எலஹெரப் பக்கத்துக் குழிகளுக்கு வருகிறேன். சதுரமாக வெட்டி இறக்கிய குழி. பக்கச் சுவருக்கு மரச் சட்டம். மண் சரியாமல் இருக்கச் சட்டத்துக்குப் பின்னே அடைத்த கெக்கில்ல இலை. அடியில் இரத்தினக்கல் மண் போகும் திசையில் பக்கவாட்டில் குடைந்த குறுகிய வழிகள். ஊறும் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு. காற்று நல்லதா என்று பார்க்க மெழுகுதிரி ஏற்றி இறக்கும் வழக்கமும் இங்கே பழையது. அந்த மெழுகுதிரி ஒட்சிசன் குறைந்ததை ஓரளவு சொல்லும். பம்பு இயந்திரத்தின் புகையில் வரும் கார்பன் மொனொக்சைட்டைச் சொல்லாது. அந்த வாயு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும்போதும் திரி எரிந்துகொண்டே இருக்கும். கீழே ஒருவர் மயங்கி விழுகிறார். மேலே இருப்பவருக்கு அவர் விழுந்தாரா, கல் தட்டியதா, களைத்து உட்கார்ந்தாரா என்று தெரியாது. கூப்பிடுகிறார், பதில் இல்லை. தம்பியாகவோ மச்சானாகவோ ஊர்ச் சிநேகிதனாகவோ இருக்கிற அவர் ஒரு கணமும் யோசியாமல் கயிற்றைப் பிடித்து இறங்குகிறார். அதே காற்றில் அவரும் விழுகிறார். பிறகு மூன்றாமவர். கிணறு இறைக்கப் போனவர்கள் இப்படி ஒருவர் பின் ஒருவராக மாண்ட செய்தியை வாசிக்காத தமிழர் இருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986இல் விடுத்த எச்சரிக்கையொன்று, அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் அறுபது வீதத்துக்கும் அதிகமானோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. அதாவது சிறு குழியில் தொடர்பு முதலில் காப்பாற்றப்போவது மேலே நிற்பவரைத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கீழிருந்து ஒரு குரல் வர வேண்டும், வராவிட்டால் அது காற்றின் குற்றம் என்று வைத்துக்கொண்டு முதலில் காற்றை ஊது, பிறகு இறங்கு என்ற ஒழுங்கு இருந்தால், ஓர் உயிர் போகும் இடத்தில் மூன்று போகாது. விழுந்தவருக்கும் அந்த ஐந்து நிமிடக் கணக்குத்தான் பிழைக்க வழி.

பத்து மீற்றர்க் குழிக்குக் கூப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். பம்பு ஓடாத நேரத்தில், நேர் கீழே நிற்பவருக்குப் போதும். பம்பு ஓடும்போது போதாது. பக்கவழிக்குள் நுழைந்தவருக்குப் போதவே போதாது. குரல் மண்ணில் அமுங்கிவிடும். அதற்குத் தீர்வு சில்க்யாராவின் கமெராவோ அமெரிக்கச் சட்டத்தின் மின்னணு ஏற்பாடோ அல்ல. பேசுகிறவரின் குரலே மின்சாரத்தை உண்டாக்கும் தொலைபேசி நெடுங்காலமாகக் கப்பல்களிலும் சுரங்கங்களிலும் புழங்குகிறது. அதற்கு மின்கலம் வேண்டாம், சிம் அட்டை வேண்டாம். இரண்டு கைபிடியும் ஒரு சோடிக் கம்பியும்தான். அதுவும் முடியாதென்றால் மணி கட்டிய கயிறு. ஒரு இழுப்புக்கு நிறுத்து, இரண்டுக்கு இறக்கு என்று பெரிய சுரங்கங்களின் இறங்குகுழிகளில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கும் ஒழுங்கைப் பத்து மீற்றர்க் குழிக்குச் சுருக்கி வைப்பது கடினமான காரியமே இல்லை. சிங்களம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும் சீனத்திலிருந்து வந்த பொறியியலாளரும் ஒரே வேலைத்தளத்தில் நிற்கும் மாவட்டத்தில், மணியின் எண்ணிக்கை எல்லாருக்கும் ஒன்றுபோலவே கேட்கும். மேலே வந்த செய்தி அதற்கப்பால் போகவும் வேண்டும். தும்பறை மலையடிவாரத்தின் மடிப்புகளில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். 1990 என்ற இலக்கத்தில் அம்பியுலன்சை அழைக்க எந்த மேட்டில் ஏறி நிற்க வேண்டும் என்று வேலை தொடங்கும் நாளிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்பதே உண்மையான முட்டுக்கட்டை. இரத்தினக்கல் குழியில் பெரும்பாலும் சம்பளம் இல்லை, பங்குதான். காணிக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு, பம்புக்காரருக்கு ஒரு பங்கு, மிச்சம் இறங்கி வெட்டுபவர்களுக்கு. முதலாளி என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாத ஏற்பாடு இது. ஆகவே பாதுகாப்புக்கும் ஒருவர் பொறுப்பில்லை. ஆனால் இதே ஏற்பாட்டுக்குள்தான் பம்பு வந்திருக்கிறது. தண்ணீர் இறைக்காமல் கல் கிடைக்காது என்பதால் பம்புக்கு இடம் கிடைத்தது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை, அனுமதி கொடுக்கும்போது குழியைத் திரும்ப மூடுவதற்கென்று வைப்புப்பணம் வாங்குகிறது. வெட்டி முடித்த நிலத்துக்காகப் பணத்தைப் பிடித்து வைக்க முடிகிறதென்றால், வெட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்காக ஒரு சோடிக் கம்பியையும் மேலே ஓர் ஆள் எப்போதும் நிற்க வேண்டும் என்பதையும் அதே அனுமதிப்பத்திரத்தில் எழுத முடியும். காரீயச் சுரங்கங்களுக்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டமும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமும் இருக்கின்றன. சர்வதேச தொழில் அமைப்பின் 1995ஆம் ஆண்டுச் சுரங்கப் பாதுகாப்புச் சமவாயம் (176ஆம் இலக்கம்) சுரங்கத்தின் அமைப்பைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே தொடர்பு ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. நிலத்தடியில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் எந்த நேரத்திலும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அவர் இருக்கக்கூடிய இடமும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. ஒரு பலகையும் ஆளுக்கொரு பித்தளை வில்லையும் இருந்தால் முதற்பாதி நிறைவேறிவிடும்.

ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும் கருவி, ஆள் சும்மா நிற்கிறாரா என்று பார்க்கவும் பயன்படும் என்ற தொழிலாளரின் அச்சத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. தோட்டத்தில் கங்காணியின் கண்ணுக்குக் கீழே தலைமுறைகளைக் கழித்த சமூகத்துக்கு அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. இடம் காட்டும் பதிவு வேலை நேரக் கணக்குக்குப் போகக் கூடாது, விபத்து விசாரணைக்கு மட்டும்தான் திறக்கப்படும் என்று தொழிற்சங்கத்தோடு எழுத்தில் உடன்பட வேண்டும். அப்படி உடன்படாமல் கொண்டுவந்த கருவியைத் தொழிலாளர் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். வேண்டிய நாளில் அது மேசையில் கிடக்கும். பேசும் கம்பிக்கு இந்தக் குறை இல்லை. அதை எடுப்பதும் விடுவதும் கீழே நிற்பவரின் கையில் இருக்கிறது.

அனுமதியில்லாத குழிகள்தான் மிகவும் கடினமானவை. காட்டோரத்திலும் ஆற்றங்கரையிலும் இரவில் வெட்டுபவருக்கு மேலே நிற்பவர் பொலிஸ் வருகிறதா என்று பார்க்கத்தான் நிற்கிறார். மண் சரிந்தால் 1990ஐ அழைப்பதா, அழைத்தால் பிடிபடுவோமா என்ற தயக்கத்தில் கழியும் நேரம்தான் கீழே புதைந்தவரின் நேரம். இவர்களுக்குக் கருவி கொடுத்துப் பயனில்லை. அழைக்கும் துணிவைக் கொடுக்க வேண்டும். உயிர் காக்க அழைத்தவர் மீது அந்த அழைப்பைச் சான்றாகக் கொண்டு வழக்குத் தொடரமாட்டோம் என்று பொலிஸும் அதிகாரசபையும் பிரதேச செயலகங்களும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். இது களவுக்கு இடம் கொடுப்பதாகும் என்பார்கள். கல்லைப் பறிமுதல் செய்யட்டும், குழியை மூடட்டும், நிலத்தைக் கெடுத்ததற்குத் தண்டமும் விதிக்கட்டும்; அழைப்பு எடுத்த கைக்கு மட்டும் விலங்கு போடாமல் இருக்கட்டும். நாவுலையிலும் லக்கலையிலும் வில்கமுவையிலும் உள்ள பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகையில் சிங்களத்திலும் தமிழிலும் அந்த ஒரு பத்தியை ஒட்டுவதற்கு எந்தக் கருவியும் வாங்கவேண்டியதில்லை.